பந்தியில் உட்காராத அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு நாளும் நான் அன்போடு கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன், திரும்பிக் கேட்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில்.

எனக்கும் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் தாண்டி, சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று இழுக்கிற அதே வலி. தையல் மிஷினில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. எழுந்து நாலு நடை நடந்தால் கொஞ்சம் விடுகிறது. இதைக்கூட அடுப்பு மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நடந்தால் விடும் என்பது எனக்கு அப்போது தெரியாதே அத்தை. ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் மலைப் படி ஏறிப் போனதைப் பார்த்தேன். மறுநாள் அருவாமனை முன்னால் உட்காரச் சொன்னால் முடியாது என்றீர்கள். "காலு இழுக்குதுமா" என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். பக்கத்து வீட்டு அம்மா காதில் விழ நான் என்ன சொன்னேன்? "சாமிகிட்ட போம்போது இழுக்காது, வேலைன்னா மட்டும் இழுக்கும். நல்லா நடிக்கிறாங்க." அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் உங்கள் காலைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை.

அப்புறம் பள்ளிப்பட்டில் என் தம்பி கல்யாணம். சம்பந்தியம்மா என்று முதல் பந்தியில் உங்களுக்கு இலை போட்டு வைத்திருந்தார் என்னைப் பெற்ற நைனா. நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவர் நாலு முறை கூப்பிட்டார். "பரவால்லீங்க, நின்னுகினே ரெண்டு வாய் சாப்புடறேன்" என்றீர்கள். ஊரே பார்த்தது. "எங்க எலையில உக்கார அந்தம்மாவுக்கு மனசு வரல" என்று இலையை எடுக்கச் சொல்லிவிட்டார். அதோடு நம் வாசலை அவர் மிதிக்கவில்லை. நீங்கள் மாரடைப்பில் போனபோதும் தெருமுனையில் நின்று மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டு பஸ் ஏறினார்.

உங்கள் பிள்ளை அன்றைக்குப் பக்கத்தில்தானே நின்றார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? போன வாரம் நான் சாப்பாட்டுக்கு நடுவில் வலியோடு எழுந்ததற்கு, "அம்மா மாதிரியே நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பேச்சை அவருக்குப் பழக்கியவளே நான்தானே.

பிசியோதெரபி பார்க்கிற பெண் சொன்னாள்: "காலுல ஒண்ணும் இல்லக்கா. இடுப்பு எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி நரம்ப அழுத்துது. உக்காந்தா, குனிஞ்சா இன்னும் அழுத்தும். அதான் நடக்க முடியுது, உக்கார முடியல."

"அப்ப இது நடிப்பு இல்லியா?" என்று கேட்டேன். பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நீங்கள் வருஷக்கணக்காகக் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தீர்கள். நோவு இருந்த இடமே வேறு. ரொம்ப நேரம் உட்காராதே, அதற்காகப் படுத்தே கிடக்காதே, குடத்தை முழங்கால் மடக்கித் தூக்கு என்று அவள் சொல்லித் தந்தாள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போக முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைக்க வேண்டுமாம். ஒரே ஒரு தலையணை, அத்தை! நம் பரணில் எட்டுத் தலையணை சும்மா கிடந்தது.

நைனாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ஆங், செத்தவங்களுக்கு இப்ப வக்காலத்து வாங்கறியா?" என்று வைத்துவிட்டார்.

தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதே மண்டபம். முதல் பந்தியில் நைனாவுக்கு எதிரே எனக்கும் இலை போடுவார்கள். நான் உட்கார மாட்டேன். ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். என் வலியைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் வலியைச் சொல்வேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மா காதில் விழச் சொன்னேனே, அதே உரத்த குரலில் சொல்வேன். சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சாப்பிடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை நடிப்புக்காரி என்று சொன்ன
உங்கள் மருமகள்