அயோவின் கிழக்கு ஏரி

நாள் 63 – 08:10
படம் 412 வந்தது. கந்தகச் சமவெளி மஞ்சள். பழைய எரிமலைக் குழம்பு கருப்பு. புதுக் குழம்பு அதைவிடக் கருப்பு. வியாழனின் இந்த நிலவுக்கு அயோ என்று பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் இறங்கியதுமே ‘ஐ’ போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். நான் தணிகை, வயது பதினேழு, சுற்றுக்கலத்தில் தனியாள். படம் பார்த்து நில வரைபடம் போடுவது என் வேலை. கீழே ஊர்தியில் இரண்டு பேர்: நிலவியலாளர் மாணிக்கம் சார், ஓட்டுகிற நஸீரா அக்கா.

09:35
போன வாரம் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினேன். வெளிச்சத்தின் பக்கம் மாறினால் பள்ளம் மேடாகத் தெரியும். சார் அந்த ‘மலை’யைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். உண்மை தெரிந்து வந்த சாமி இன்னும் மலையேறவில்லை. நான் இடது என்றால் அவர் வலது.

10:50
தெற்கே விரிசல். அகலமாகிறது. பக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்று எச்சரித்தேன். சார் பதில்:
“விரிசல் உன் மண்டையிலதான்டா இருக்கு. நஸீரா, அங்கயே நிறுத்தும்மா.”
நிறுத்தினார்கள்.

12:22
நிலம் பிளந்தது. ஊர்தியின் ஆறு சக்கரத்தில் ஒன்று போச்சு. தெற்கிலிருந்து குழம்பு வருகிறது. இருபது நிமிடம்தான். மேற்கே கெட்டிப் பாறை மேடு. கிழக்கே ஏரி: மேலே அப்பளம் கனத்தில் ஓடு, அடியில் கொதிப்பு. தரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கருப்பு.
நஸீரா அக்கா: “டேய் தணிகை, எந்தப் பக்கம்டா? சீக்கிரம் சொல்லு!”
மேற்கு என்று சொன்னால் சார் கிழக்கே திருப்பச் சொல்வார். இந்த நிலவில் நம்பக்கூடிய ஒரே பொருள் அவருடைய கோபம்.
“கிழக்கே போங்க” என்றேன்.

12:26
கலம் நிலவுக்குப் பின்னால் சரிகிறது. சிக்னல் கரகரப்பு. சார் குரல்:
“விரிசல் விஷயத்துல நீ சொன்னதுதான்டா சரி. நான்தான் கேக்கல. தப்பு என்மேல. இந்தத் தடவை நீ சொல்ற பக்கமே போறோம், தம்பி.”
கத்தினேன். இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

12:31
நாற்பது நிமிடம் சிக்னல் கிடையாது. மேற்கு. மேற்கு. மேற்கு. இங்கே எழுதி யாருக்குக் கேட்கப்போகிறது?

13:07
சிக்னல் வந்துவிட்டது. பதினேழு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.
படம் 420 வரிவரியாக இறங்குகிறது. மஞ்சளில் சக்கரத் தடம், கிழக்கு நோக்கி. கரையில் ஒரு வளைவு இல்லை, நின்ற அடையாளம் இல்லை. வழி சரி என்று நம்புகிறவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள்.

13:15
ஏரி ஓட்டில் புதிதாக ஒரு பொத்தல். ஓரம் சிவப்பு. அளந்தேன்: குறுக்கே ஒன்பது மீட்டர். வரைபடத்தில் குறித்தேன். மென்பொருள் ஒரு கட்டத்தைக் காட்டுகிறது: ‘புதிய பள்ளம். பெயர் இடவும்.’
காலியாக விட்டால் மூட மாட்டேன் என்கிறது.

13:40
கட்டம் இன்னும்

14:52
பெயர்: