முடக்கி வைத்தவை

23 செப்டம்பர், செவ்வாய்

அந்தச் சிவப்புப் புள்ளி இன்று மறுபடியும் வந்திருந்தது. வீடியோ செயலியின் மூலையில், குண்டூசித் தலை அளவுக்கு.

அந்தச் செயலியை நான் போடவில்லை. அம்மா எங்கள் ஊர் கிள்ளானில் இந்தப் போனை வாங்கித் தந்தபோதே உள்ளே இருந்தது. முதல் நாள் திறந்தபோது எதையோ கேட்டது, சரி என்று தட்டினேன். அன்றிலிருந்து பழைய வகுப்புப் பெயர்களாகக் கொண்டுவந்து காட்டுகிறது. இன்று கார்த்திகாவின் முகம். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.'

தெரியாதா என்ன. பள்ளியில் படிவம் நான்கு படிக்கும்போது, மலாய் வாய்மொழித் தேர்வுக்கு நான் எழுந்து நின்றேன். குரல் கீச்சென்று வந்து பாதியில் நின்றுவிட்டது. அதைப் போனில் பிடித்தவள் அவள்தான். கோழிச் சத்தம் சேர்த்து இதே செயலியில் போட்டாள். கேன்டீனில் யார் யாரோ என்னைப் பார்த்துக் கொக்கரித்தார்கள். கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு பள்ளிக்குப் போகவில்லை. அம்மா முதலில் கத்தினார், பிறகு அழுதார், பிறகு பிரிக்பீல்ட்ஸில் குமுதா அக்காவின் தையல் கடையில் கொண்டுவந்து விட்டார்.

இங்கே பேசுகிற வேலை இல்லை. பிளவுஸுக்குக் கொக்கி தைப்பேன். கடையின் சிம் கார்டும் என் போனில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் பதில் டைப் செய்வேன். முதல் நாளே அக்கா சொல்லிவிட்டார்: "நீ வாயத் தொறக்க வேணாம்மா. டைப் பண்ணு, போதும்."

இதைவிட நல்ல வேலை எனக்கு எங்கே கிடைக்கும்?

24 செப்டம்பர், புதன்

செயலியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, கால்குலேட்டரோடு ஒரு ஃபோல்டருக்குள் போட்டேன். கண்ணில் படவில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

ஃபோல்டர் மேலேயே புள்ளி வருகிறது!

கோமுட்டர் ரயில் ஷா ஆலம் தாண்டும்போது போன் அதிர்ந்தது. 'கார்த்திகா நேரலையில் இருக்கிறார்.' போனைக் கவிழ்த்துப் பிடித்தேன். பெட்டியில் இருக்கிற எல்லோரும் அந்தப் பழைய வீடியோவைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம். தெரியும். ஆனாலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன் — யாராவது சிரிக்கிறார்களா?

கடையில் ஒரு பிளவுஸுக்கு இரண்டு பக்கமும் கொக்கியே வைத்துத் தைத்துவிட்டேன். மாட்டுவதற்கு வளையம் இல்லை. அக்கா தூக்கிப் பார்த்தார்.

"இத எதுல மாட்டுறதாம்? கையால புடிச்சுக்கிட்டே கோயிலச் சுத்தணுமா?"

எனக்கே சிரிப்பு வந்தது. பிரித்து மறுபடியும் தைத்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

இன்று அழித்தே விடுவது என்று உட்கார்ந்தேன். மற்ற செயலிகளை அழுத்திப் பிடித்தால் 'நீக்கு' என்று வருகிறது. இதற்கு வரவில்லை. போனைத் தயாரித்தவர்களே உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள் போல.

இதற்கு வேறொரு பொத்தான். போன் மலாயில் இருப்பதால் 'லும்புக்கான்' — முடக்கு. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தபோதும் லும்பு என்றுதான் சொன்னார்கள். தட்டினால் ஓர் எச்சரிக்கை: இதை முடக்கினால் மற்றவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். பயந்து வெளியே வந்துவிட்டேன். மதியம் மறுபடியும் போனேன். மறுபடியும் வெளியே.

சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

போன் சாகவில்லை. அந்தச் செயலி மட்டும் முகப்பிலிருந்து காணாமல் போனது. அழியவில்லை. செட்டிங்ஸுக்குள் அதன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. கிடக்கட்டும். சத்தம் போடாமல் கிடந்தால் போதும்.

சோறு இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

2 அக்டோபர், வியாழன்

புள்ளி இல்லை. புள்ளி இல்லை. புள்ளி இல்லை.

5 அக்டோபர், ஞாயிறு

அம்மாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் இரவு வேலை. பகலில் தூங்க விடாமல் அவர் போன் டிங் டிங் என்கிறது. எங்கேயோ மழை வருமாம், எதற்கோ தள்ளுபடியாம். அந்த இரண்டையும் முடக்கினேன்.

"அழிச்சிட்டியா?"

"இல்லம்மா. தூங்க வச்சிருக்கேன்."

"அப்ப நானும் தூங்குறேன்."

தூங்கினார். மதியம் தாண்டியும்.

10 அக்டோபர், வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள். துணிப் பைகளுக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் நின்றுகொண்டே என் போனைச் சுத்தம் செய்தேன், பண்டிகைக்கு வீட்டைக் கழுவுகிற மாதிரி. விளையாட்டுகள், ஷாப்பிங், செய்தி, பெயரே புரியாத ஏதேதோ. நான் ஒருநாளும் திறக்காதது எதுவோ அதை முடக்கினேன். எச்சரிக்கை வந்தபோதெல்லாம் சரி, சரி என்று தள்ளினேன். இதற்கா அன்று அப்படிப் பயந்தேன்?

11 அக்டோபர், சனி

கீபோர்டு வரவில்லை.

காலையில் கடை வாட்ஸ்அப்பைத் திறந்து எழுதும் இடத்தைத் தட்டுகிறேன், கோடு மட்டும் மினுக் மினுக்கென்கிறது. எழுத்துகள் வரவில்லை. அணைத்துப் போட்டேன். அப்படியேதான். என்ன செய்யலாம் என்று தேடிப் பார்ப்பதற்கும் டைப் செய்ய வேண்டுமே!

அப்போதுதான் உறைத்தது. கீபோர்டையும் முடக்கியிருக்கிறேன். அதை நான் ஒருநாளும் திறந்ததில்லையே. தினமும் விரல் அதன் மேல்தான் இருந்தது, ஆனால் திறந்ததில்லை.

"ப்ரியா, பூச்சோங் பஞ்சவர்ணம் ஆன்டி காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க லா. பதில் போட்டியா?" அக்கா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"கீபோர்டு வரலக்கா."

"வரலன்னா? பசியாறப் போயிருச்சா?"

பக்கத்தில் போன் உறை விற்கும் இம்ரான் அண்ணனிடம் ஓடினேன். ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். கடை நிறைய ஆட்கள். போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் ஆப் ஏத்தித் தரச் சொல்லித்தான் வருவாங்க. நீ இவ்வளவையும் மூடிட்டு வந்துருக்க! ஒண்ணும் இல்ல தங்கச்சி, ரீசெட் பண்ணிருவோம். ஒரே அமுக்கு. மூடுனதெல்லாம் திரும்ப வந்துரும்."

"எல்லாமா அண்ணே?"

"எல்லாந்தான்."

அவர் விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. நான் போனைப் பிடுங்கிவிட்டேன். நிஜமாகவே பிடுங்கினேன் — நான்!

"வேணாம்ணே."

"அப்ப ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும். இப்பக் கூட்டம். சாயங்காலம் வா."

சாயங்காலம் வரைக்கும்? நானே தேடலாம்தான். ஆனால் இன்னும் எதையாவது கெடுத்துவிட்டால்?

திரும்பி வந்தபோது அக்கா பச்சைப் பட்டுத் துணியையும் கத்தரிக்கோலையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆன்டி கழுத்து வடிவம் சொல்லாமல் வெட்ட முடியாது. "கால் பண்ணிக் கேளும்மா," என்றார்.

அழைத்தால் உடனுக்குடன் பேச வேண்டும். என்னால முடியாது. முடியவே முடியாது. மைக் பொத்தான் இருக்கிறது, ஆனால் அதில் என் குரல் அப்படியே பதிவாகிப் போகும். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். மறுபடியும் கோழிச் சத்தம் சேர்க்கலாம். அனுப்பாவிட்டால்? டைப் அடிக்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் நான் எதுக்கு? அம்மா முன்னால திரும்பவும் போய் நிக்கணுமா?

அளவு பார்க்கும் இடத்துக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டேன். பேசினேன், அழித்தேன். பேசினேன், அழித்தேன். குரல் கீச்சென்றுதான் இருந்தது.

"உள்ள என்ன, பிரசவமா?" என்றார் அக்கா வெளியிலிருந்து.

அனுப்பிவிட்டேன்.

"வணக்கம் ஆன்டி, குமுதா அக்கா கடைலேருந்து பேசுறேன். பச்சை பிளவுஸுக்குப் பின் கழுத்து வட்டமா, பானையா? சொன்னீங்கன்னா இப்பவே வெட்டிருவாங்க."

மைக் நீலமானது. கேட்டுவிட்டார். நான் திரையைப் பிடித்தபடி நின்றேன்.

ஆன்டியும் குரலிலேயே பதில் போட்டார். "பானை, பானை! நாடால மணி தொங்கணும்மா. யாரு நீ, புதுசா? நல்லா வெளங்குது. எழுதி எழுதிப் போடுறீங்க, கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது லா. இப்படியே பேசிப் போடு."

இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். சிரிக்கவில்லை. எங்கேயும் சிரிக்கவே இல்லை.

"பானைக்கா!" என்று கத்தினேன். கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு கிள்ளானில் ஒருவருக்கு. பிறகு கம்போங் மேடானிலிருந்து கேட்டவருக்கு. சாயங்காலம் இம்ரான் அண்ணனிடம் போக மறந்தே போனேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பண்டிகை நேரம், கடைக்கு லீவு இல்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சாம்பல் நிறப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, எழுதும் இடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சுபாங் ஜெயா வருவதற்குள் கீபோர்டு எழுந்துவிட்டது. எழுப்பிய விளையாட்டுகளை மறுபடியும் படுக்க வைத்தேன்.

வீடியோ செயலியின் பெயரும் அங்கேதான் கிடந்தது. தொடவில்லை. கார்த்திகா இந்நேரம் எதையாவது போட்டுக்கொண்டிருப்பாள். போடட்டும்.

15 அக்டோபர், புதன்

பஞ்சவர்ணம் ஆன்டி நேரில் வந்தார். "அந்த வாய்ஸ் புள்ள எங்க?" அக்கா என்னைக் காட்டினார். நான் கொக்கி டப்பாவுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இதுவா? போன்ல அவ்ளோ அழகாப் பேசுது, நேர்ல வாயே தொறக்கல!"

"நேர்ல பேசுனா எக்ஸ்ட்ரா சார்ஜ் ஆன்டி," என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. எப்படி வேறு என்று எழுதத் தெரியவில்லை. போகும்போது ஆன்டி முறுக்கு டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

18 அக்டோபர், சனி

கடைசி நேரக் கூட்டம். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ புது நம்பர், 'என் பிளவுஸ் ரெடியா?' என்று எழுதியிருந்தார். தட்டினேன். கீபோர்டு எல்லா எழுத்துகளோடும் மேலே வந்தது. 'ரெ' என்று அடித்தேன்.

அதை அழித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே மைக்கை அழுத்திப் பிடித்தேன்.