முழங்காலில் நில்லாதவன்

கர்த்தருக்குள் அன்பான என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

அவர் கிருபையால் நலம். உன் தலைவலி தேவலையா? சின்னவளுக்குச் சளி விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைத் திட்டியது இன்னும் என்னை அறுக்கிறது. குடும்ப ஜெபத்தை இப்போது முழங்காலில் நிற்காமல், சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நன்றி சொல்லி முடிக்கிறோம் என்றாய். "எங்கப்பா காலத்து வழக்கத்த மாத்த நீ யாரு?" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். பிள்ளைகள் காதிலும் விழுந்திருக்கும்.

போனை வைத்ததும் என் அறையில் தங்கியிருக்கும் பெயின்டர் கேட்டான்: "ஏண்ணே, நீங்களே கட்டில்ல உக்காந்துதான ஜெபம் பண்றீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பகலெல்லாம் முழங்காலில் நின்று டைல்ஸ் பதிக்கிறேன். முட்டி லேசாக வீங்கியிருக்கிறது, பயப்படாதே. உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கிப் பல மாதம் ஆகிறது. நான் எடுத்துக்கொண்ட சுதந்திரத்தை உங்களுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

முட்டிக்குத் தைலம் அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும், துவைக்காமல்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. இது கிடைக்கிற அன்று, சாப்பிடும்போது எனக்கு வீடியோ கால் போட்டு, போனை என் இடத்தில் சாய்த்து வை. என் முறை வரும்போது, நன்றிக்கு முன்னால், பிள்ளைகள் கேட்க உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெட்கத்தோடு,
உன் வீட்டுக்காரன்