பாதி வழியில் இறங்கியவர்

மார்ச் 4, செவ்வாய்

நாளை மறுநாள் அப்பா கிளம்புகிறார். அம்மா போன பிறகு அண்ணனும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு இது. மூன்று மாதம் என் வீடு, மூன்று மாதம் எல்லை தாண்டி அண்ணன் வீடு. நடுவில் பன்னிரண்டு மணி நேரம் பஸ்.

அண்ணி அனுப்பிய பட்டியல் இரண்டு பக்கம். பிள்ளைகளுக்கு ஷூ, தனக்குக் கைப்பை, பக்கத்து வீட்டுக்காரிக்குப் போர்வை. அந்த நாட்டில் கடையே கிடையாதா? எழுபத்தொரு வயது மனுஷரைப் பார்சல் வண்டி ஆக்கிவிட்டார்கள். பெட்டி மேல் உட்கார்ந்துதான் மூட வேண்டியிருந்தது. "உங்க துணியெல்லாம் எங்க வைக்கிறதுப்பா?" என்றேன். "அதை நான் தோள்பையில பாத்துக்கறேன்மா."

சாயங்காலம் ஸ்டூலில் ஏறி டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கத்தித் தீர்த்துவிட்டேன். நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்தான், அதற்காக? விழுந்தால் யார் பார்ப்பது? இறங்கி ஸ்டூலை மூலையில் வைத்தார். லைட் இப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் என்று சொல்லி வாங்கிய டிக்கெட், பின் சக்கரத்துக்கு மேலே போட்டிருந்தார்கள். கண்டக்டரிடம் சண்டை. "விடும்மா, எல்லா சீட்டும் ஒரே பஸ்தான்" என்றார் அப்பா.

மாலை ஆறரைக்கு அண்ணன் போன் செய்தான். "பஸ் வந்துடுச்சு. பெட்டியும் வந்துடுச்சு. அப்பா வரல."

வரலையா? வரலைன்னா என்ன அர்த்தம்? எல்லைக்கு முன்னால் மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பெரியவர் இறங்கிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னானாம். அண்ணன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டான், மகராசன்!

அப்பா போன் அணைந்து கிடக்கிறது. பஸ் ஆபீஸில் ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிறார்: "இருபது நிமிஷந்தாங்க நிறுத்துவோம். நேரத்துக்கு ஏறலேன்னா எங்க பொறுப்பில்ல." அந்த ஊர் போலீஸில், "காலைல பாப்போம்." எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

உட்கார்ந்து புகார் எழுதி அனுப்பிவிட்டேன். வயதானவரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போன கண்டக்டர் என்று, பஸ் நம்பரோடு. அவன் வேலை போக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

நான் ரத்தம் எடுக்கும் லேபில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இதே வழியில் அப்பா எத்தனை தடவை போயிருக்கிறார்? விரல் விட்டு எண்ணினேன், இது எட்டாவது தடவை. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. முன் சீட்காரர் தன் சீட்டை என் முழங்கால் மேல் சாய்த்துவிட்டார். ஏதோ ஒரு படத்தை இரண்டு முறை போட்டார்கள். இடுப்பு விட்டுப்போனது. ஆறு மணி நேரத்தில் எனக்கே இப்படி என்றால்?

பஸ் நின்ற சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்த அம்மாவிடம் அப்பாவின் போட்டோவைக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"நம்ம எலக்ட்ரீஷியன் ஐயாவா? ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர் லாட்ஜ்ல இருக்காரு. நீங்க யாரு?"

நான் யாரா?

லாட்ஜ் மாடி நடையில் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். வாயில் ஸ்க்ரூ டிரைவர். என்னைப் பார்த்ததும் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எறங்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு அறைக் கதவுகள் திறந்தன.

"இந்த ஒரு வயரை முடிச்சிடறேன்மா. தொங்க விட்டா ஆபத்து."

முடித்துவிட்டுத்தான் இறங்கினார்! மூலையில் ஒரு சின்ன அறையைக் காட்டினார். கட்டில், மேஜை, மேஜை மேல் மடித்து வைத்த அவர் சட்டைகள். போகிற தடவையெல்லாம் அந்த இருபது நிமிஷத்தில் லாட்ஜ்காரரோடு பேச்சாம். கட்டடம் முழுக்கப் பழைய வயரிங். வேலையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கலாம் என்று லாட்ஜ்காரர் சொல்லி ஆறு மாதம் ஆகிறதாம். ஆறு மாதம்! எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

"ஏம்ப்பா போனை அணைச்சீங்க? நான் செத்துப் பொழைச்சேன் தெரியுமா?"

"உன் குரலைக் கேட்டா பஸ்ல ஏறிடுவேன்னு பயம்மா."

"அப்படி என்ன கொறை வச்சோம் உங்களுக்கு?"

வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொறைன்னு இல்ல. அங்க போனா, 'எப்பப்பா கிளம்பறீங்க'ன்னு உன் அண்ணன் கேக்கறான். உன் வீட்டுக்கு வந்தா, 'அதுக்குள்ள மூணு மாசமா'ன்னு உன் வீட்டுக்காரர் கேக்கறாரு. தப்பா கேக்கல, சும்மாதான் கேக்கறாங்க. இந்த ஊர்லதான் ஃபேன் ஏன் சுத்தலன்னு கேட்டாங்க."

நான் அழவில்லை. கோபத்தில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

தனியாகத் திரும்புகிறேன். வரமாட்டேன் என்றுவிட்டார். வழியனுப்பக் கையில் டெஸ்டரோடு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் இருந்தே அண்ணனோடு சண்டை. "நீதான் அவரைக் கெடுத்து வச்சிருக்கே. பொண்ணு, பையன் இருக்கும்போது லாட்ஜ்ல தங்கினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறான். பார்க்கிறவர்கள்! "அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தியே, அதுல அப்பாவோட பொருள் ஒண்ணாவது இருந்துதா?" என்றேன். ஷூ இருந்தது, கைப்பை இருந்தது, போர்வை இருந்தது. அண்ணன் போனை வைத்துவிட்டான்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெட்டியை அடுக்கியது நான்தானே?

மார்ச் 11

போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

லேபில் ரத்தம் எடுக்க வந்தவர்கள் வரிசையில் தெரிந்த முகம். அந்தக் கண்டக்டர். கையில் டாக்டர் சீட்டு எதுவும் இல்லை, புகாரில் நான் எழுதியிருந்த லேப் முகவரியைப் பிடித்து என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். எட்டு நாளாக டூட்டி தரவில்லையாம்.

"மூணு தடவை கூப்பிட்டேங்க. டிரைவர் ஹார்ன் அடிக்கறாரு, ஆளுங்க என்னைத் திட்டறாங்க. ஐயா எந்திரிக்கவே இல்ல. 'நீ போப்பா, பெட்டியைப் பையன்கிட்ட குடுத்துடு, பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்'னாரு. கையைக் காலைக் கட்டியா ஏத்த முடியும்?"

"அதை அன்னிக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியேங்க."

பின்னால் நின்றவர் நேரமாகிறது என்றார். அடுத்த ஆளுக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. என் பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஆனதில்லை. மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. அந்த மனுஷரிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்டக்டரிடம் கேட்கவில்லை. வாய் வரவில்லை.

மார்ச் 15, சனி

பஸ் ஆபீஸுக்கே போனேன். நான் எழுதியது தவறு, கண்டக்டர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இப்படித்தாங்க, யோசிக்காம எழுதிடறாங்க" என்றார் அந்தக் கொட்டாவிக்காரர். அவரோடு இன்னொரு சண்டை போடத் தெம்பில்லை.

அங்கேயே நம்பர் வாங்கி, வெளியே வந்து கண்டக்டருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க, ஐயா சவுக்கியமா?" என்றான். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"மோட்டார் பிரிச்சுப் போட்டிருக்கேன்மா. அப்புறம் பேசட்டுமா?"

எனக்கு மறுபடி கோபம் வந்தது. வரத்தானே செய்யும்.

ஜூன் 7, சனி

ரயிலில் எழுதுகிறேன். பஸ்ஸைவிட ஒரு மணி நேரம் கூட, ஆனால் காலை நீட்டலாம்.

அப்பா எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டிய வாரம் இது. யாரையும் யாரும் அனுப்பவில்லை. அப்பா இருக்கும் ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் வந்தான், இந்தப் பக்கத்திலிருந்து நான். அவன் இளைத்திருக்கிறான். எல்லையில் வரிசையில் நிற்க வைத்ததைப் பற்றி அரை மணி நேரம் புலம்பினான். "கால் வீங்கிப்போச்சுடி, அப்பா எப்படித்தான் வந்து போனாரோ" என்றான். நான் சொல்ல வந்ததை அவனே சொல்லிவிட்டானே.

அப்பா எங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பாதியில் யாரோ வந்து கூப்பிட, கை கழுவிவிட்டுப் போனவர் போனவர்தான். நான் ரயில் ஏறும்வரை வரவில்லை. "முடியலம்மா, இதை விட்டுட்டு வந்தா மாடி முழுக்க இருட்டு. நீ பாத்துப் போ" என்று போனில் சொன்னார். இவ்வளவு தூரம் வந்தவளை வழியனுப்பக்கூட நேரமில்லையாம்! பெட்டியில் ஏறி உட்கார்ந்தபோதும் முகம் கடுகடுவென்றுதான் இருந்திருக்கும்.

பிளாட்பாரத்தில் நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த எதிர் சீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். "அப்பாவைப் பாத்துட்டு வர்றீங்களா? ஏன், உங்ககூட வந்து இருக்கலாமே?"

"முடியாதுங்க," என்றேன். "அவருக்கு இங்க வேலை இருக்கு."