டேப்பில் போட்ட வட்டம்

மார்ச் 3, திங்கள்

கருவி அறைக்குப் பொறுப்பாளர் ஒருத்தியைப் போடப் போகிறார்களாம். ஐந்து பேரில் மூத்தவள் என்று புது மேலாளர் படிவத்தை முதலில் என்னிடம் நீட்டினார். ‘நான் யார்? பத்து வரிகளில் எழுதவும்.’

பதினான்கு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி, கத்தரி, கிளாம்ப் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்கு அனுப்புகிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஐந்தே நிமிடத்தில் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு மூத்த மகள். தம்பிக்கு இரண்டாவது தாய். ஒருத்தனுக்கு மனைவி. ஒருத்திக்கு அம்மா. கருவி அறை ஐவரில் ஒருத்தி. இன்னும் எழுத இருந்தது, இடம்தான் போதவில்லை.

மார்ச் 5, புதன்

படிவம் திரும்பி வந்துவிட்டது. “இது குடும்ப ஃபோட்டோ மாதிரி இருக்கும்மா. இதுல நீங்க எங்க?” என்று மேலாளர் சிரிக்கிறார்.

சுருக்கென்றது. நடுவில்தானே நிற்கிறேன், கண் தெரியவில்லையா? ஃபோட்டோவிலிருந்து என்னை மட்டும் கத்தரித்து எடுத்தால் என் தோளில் யாருடைய கையாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். அதை என்ன செய்வார்?

“அவர் கேக்குறத எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஊர் ஓடினா ஒத்து ஓடு” என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஓட மாட்டேன்.

மார்ச் 6

சரி, முயன்றுதான் பார்ப்போமே என்று ‘நான் பொறுமைசாலி’ என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கிழித்துப் போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன ஒரு கருவி ட்ரேயில் கிளாம்ப் ஒன்று குறைந்திருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். ஆனால் மாற்று ட்ரே போய்ச் சேரும்வரை நாற்பது நிமிடம் அந்த நோயாளி மயக்கத்தில் மேஜையிலேயே கிடந்தார்.

அந்த ட்ரேயைக் கட்டியிருந்த துணியோடு மேலாளர் வந்து நின்றார். “கட்டினது யாரு?” துணிமேல் ஒட்டிய டேப்பில் பெயர் இல்லை, பேனாவால் போட்ட நீல வட்டம்தான். யார் கட்டினாலும் வட்டம், அதுதான் எங்கள் வழக்கம். பாதியில் ஒருத்தி எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவள் கேட்காமலே முடித்து வைப்பாள்.

நான்தான் முன்னால் போய் நின்றேன். “அந்த வட்டம் நாங்க அஞ்சு பேரும் சார். தப்புன்னா அஞ்சு பேர் தப்பு.” பின்னால் நாலு பேரும் நின்றார்கள். என்ன பெருமை எனக்கு!

மார்ச் 12

அது நான் கட்டிய ட்ரே.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன், மகளுக்குக் காய்ச்சல். எண்ணிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வரும்போது துணி பாதி மடித்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரி, நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவள், எண்ணியிருப்பாள் என்று டேப்பை ஒட்டி வட்டத்தைப் போட்டேன். நான் எண்ணிவிட்டுத்தான் போனேன் என்று நெட்டை நினைத்திருக்கிறாள். கடைசியில் யாருமே எண்ணவில்லை.

நேற்று அவ்வளவு வீறாப்பாகப் பேசும்போது இது எனக்குத் தெரியாதா? தெரியும். உள்ளே எங்கேயோ தெரியும்.

மார்ச் 13

நெட்டையிடம் சொன்னேன். “விடுக்கா. அஞ்சு பேர் தலையில ஆளுக்குக் கொஞ்சம் விழுந்தா யாருக்கும் வலிக்காது.”

மேஜையில் கிடந்தாரே அவருக்கு? யாருக்கும் வலிக்கவில்லை என்றால் அடுத்த ட்ரேயிலும் ஒன்று குறையும். ஐந்து பேர் என்று நான் சொன்னது ஒளிந்துகொள்வதற்கா? ச்சீ.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். மேலாளருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, இப்பதான் நீங்க நீங்களா நிக்கிறீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவ சார் நான். அதனாலதான் வந்தேன். ஆளுக்கொரு பேர் போட்டுட்டா மட்டும் தப்பு நிக்காது. கட்டினவ ஒரு பேர், எண்ணினவ ஒரு பேர், ரெண்டும் இருக்கணும். அந்தப் படிவத்துல ஒரு வரி கூட மாத்த மாட்டேன்.”

பொறுப்பாளர் பதவி போய்விட்டது. எங்கள் ஐவரில் வாயே திறக்காததால் ‘பூட்டு’ என்று பேர் வாங்கியவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போகட்டும். இரண்டு பெயருக்கு மட்டும் சரி என்றார்.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு வாரமாக யாரும் பேசுவதில்லை. நான் கட்டினால் பூட்டு வந்து எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறாள், முகம் பார்ப்பதில்லை. இன்று சாப்பிடும்போது நெட்டை சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “ஒருத்தர் நல்லவங்களாயிட்டாங்க. நாங்க நாலு பேரும் பொய் சொன்னவங்களாயிட்டோம்.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. கழிப்பறைக்குள் போய் அழுதேன். ஆனாலும் இன்னொரு தடவை வந்தால் அதையேதான் செய்வேன். அழுதுகொண்டே செய்வேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, புதன்

பூட்டு இன்று விடுப்பு. பதினாறு உருப்படி ட்ரேயை எண்ணி, டேப்பில் என் பெயரை எழுதி, வேறு வழியில்லாமல் நெட்டை பக்கம் தள்ளினேன். பார்க்காமலே கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தேன். துணியை முழுசாகப் பிரித்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினாள்.

“ஒன்னு குறையுதுக்கா.”

குறைந்துதான் இருந்தது. கழுவும் தொட்டியடியில் கிடந்தது சின்னக் கத்தரி. எடுத்து வந்து கொடுத்தேன். மறுபடி கழுவி, துடைத்து, பதினாறு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினாள்.