பிலிம் இல்லாத கமெரா

ரொறன்ரோ
9.10.1994

அன்புள்ள சிவமலர்,

நீயும் மகளும் சுகமாயிருக்க வேண்டும். எனக்குக் குளிரில் பிடித்த தடிமன், மூக்கடைப்பு மட்டும்தான்.

நேற்று வேலையிடத்தில் ஒரு சீனப்பெண் பீஜிங் அரண்மனைத் தோட்டத்தின் படங்களைக் காட்டினாள். கனடாவுக்குக் களவாய் வரும் வழியில் ஏஜென்சிக்காரன் எங்கள் கூட்டத்தைக் கூட்டிப்போன அதே ஏரி, அதே நீண்ட மண்டபம். "ரூறிஸ்ற் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு படம் எடுங்கோ, பொலிஸ் பாக்குது" என்று கமெராவும் தந்தான். உள்ளே பிலிம் இல்லை. அரச மண்டப வாசலில் கோயிற்பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவனிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

உன் படம் ஒன்று அனுப்பு. கொண்டுவந்ததை, இங்கே பிளேன் இறங்கமுதல் கள்ளப் பாஸ்போட்டோடு சேர்த்துக் கிழிக்கச் சொல்லிவிட்டான் ஏஜென்சிக்காரன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. நீ சிரிப்பாய், பிலிம் இல்லையென்று தெரிந்தும், அந்தக் கமெராவுக்கு முன்னால் பக்கத்தில் உனக்கு இடம் விட்டுத்தான் நின்றேன்.

உன்
நாகேந்திரன்