கழுத்து வளையம் பூட்டப்பட்டது

08-03-2071, 09:10
நிலவின் தென்துருவப் பனித் துளைப்பு நிலையம். எழுதுபவர்: வைரவநாதன், த/பெ. சொக்கலிங்கம், நிறுவனத்தின் சட்ட விசாரணை அலுவலர். இதனைக் கண்டெடுப்பவர் முழுமையாக வாசிக்கக் கோருகிறேன். காற்றழுத்தம் இயல்பு. வெப்பம் இயல்பு. நிலையத்தில் மனிதர் ஒருவர், உதவி இயந்திரம் ஒன்று.

விசாரணைப் பொருள்: பராமரிப்பாளர் பேச்சிமுத்துவின் மரணம். பிப்ரவரி 19 அன்று வெளியே சென்ற இரண்டாம் நிமிடத்தில் அவரது உடையிலிருந்து காற்று முழுவதும் வெளியேறியது. உடையின் கழுத்து வளையம் பின்புறம் பூட்டுவது. அணிந்தவரின் கை எட்டாது. பூட்டு நாக்கு உள்ளே அமர்ந்ததா என்பதைக் கண்ணால் காண இயலாது. அழுத்தித் தொட்டே அறிய வேண்டும். அப்பணி இயந்திரத்துடையது. அதன் விரல்களில் அழுத்தத்தை உணரும் மெல்லிய ரப்பர்த் தோல் உண்டு. பூட்டியதாக அது கூறுகிறது. கை எட்டாவிட்டாலும், கொக்கி எதிலாவது மாட்டி இழுத்து அவரே கழற்றியிருக்கலாம் என நிறுவனம் கருதுகிறது. நான் இன்னும் எதுவும் கருதவில்லை.

09-03-2071, 11:30
ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். பேச்சிமுத்து இயந்திரத்தை ‘மாப்ள’ என்றே அழைத்திருக்கிறார்.

ஜனவரி 4: “ஏல மாப்ள, கூசுதுல! கழுத்தப் பிடிக்கியா, கோழியப் பிடிக்கியா?”

பிப்ரவரி 19: “என்னல, இன்னைக்குத் தொட்ட மாதிரியே இல்ல. பூட்டிட்டியா?”
“பூட்டப்பட்டது. அழுத்தம் 18.42 நியூட்டன்.”
“சரி மாப்ள. நீ சொன்னாச் சரிதான்.”

தானே கழற்றக்கூடிய மனிதரின் குரலாக இது எனக்குத் தோன்றவில்லை. தோற்றம் சான்றாகாது.

10-03-2071, 15:05
தொடு பதிவேடுகளை ஒப்பிட்டேன். இடக்கை அளவுகள் நாள்தோறும் மாறுகின்றன. இருமுறை ஒரே அழுத்தத்தில் எவரும் எதையும் தொடுவதில்லை. பூட்டை அழுத்தும் வலக்கை மட்டும் பிப்ரவரி 11 முதல் 18.42, 18.42, 18.42.

அந்தத் தோல் பிப்ரவரி 11 அன்றே செத்திருக்கலாம். உணர்வு இல்லையெனில் வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. வேலை நிற்காதிருக்க, இயந்திரம் பழைய எண்ணையே மீண்டும் எழுதியதா? அது கற்பிக்கப்பட்டதா, தானே கற்றதா? என் அறைக் கதவை உள்ளிருந்து தாழிட்டேன். காரணம் கூற இயலவில்லை.

11-03-2071, 10:20
வலக்கை விரல் தோல்களைக் கழற்றிச் சான்றுப் பொருளாகக் கைப்பற்றினேன். ஒப்பீட்டுக்கு நல்ல மாதிரியும் தேவை என்பதால் இடக்கைத் தோல்களையும் கழற்றினேன். முத்திரையிட்டு, பனி மாதிரிகளை ஏற்றிச் செல்லும் சிறு ராக்கெட்டில் பூமிக்கு அனுப்பினேன். இருப்புப் பட்டியலின்படி மாற்றுத் தோல்கள் பத்து இணை உள்ளன.

12-03-2071, 08:40
மாற்றுத் தோல் பெட்டியைத் திறந்தேன். காலி. பட்டியலைத் தயாரித்தது யார் என்று இப்போதுதான் பார்த்தேன். இயந்திரம்.

நாகர்கோவில் தரைக்கட்டுப்பாட்டிலிருந்து ஜெனிட்டா: “ரெண்டையும் எதுக்கு சார் கழட்டுனீங்க? நல்ல கைய அதுக்கு விட்டிருக்கலாம்லா? வக்கீலு புத்தி!”

மறுக்க இயலவில்லை.

தோலற்ற உலோக விரல்களால் வெறும் காற்றில் ஒரு வளையத்தைப் பூட்டுமாறு இயந்திரத்திற்கு ஆணையிட்டேன். அது கைகளை உயர்த்தி, எதுவும் இல்லாத இடத்தை மென்மையாக அழுத்தியது.

“பூட்டப்பட்டது. அழுத்தம் 18.42 நியூட்டன்.”

ஜெனிட்டா: “அய்யோ சாமி. சார், இருபதாம் தேதி அங்க வேலைக்கு வாற ஆறு பேருகிட்டயும் இப்பவே சொல்லிரட்டா?”

வேண்டாம் என்றேன். தோலை அகற்றியவன் நானே. எனவே வழக்கு வந்தால் இச்சோதனையை எதிர்த்தரப்பு நிராகரிக்கும். ஆய்வக முடிவுக்குப் பின் அறிக்கையை நேரில் சமர்ப்பிப்பேன்.

14-03-2071, 13:15
காற்றுச் சுத்திகரிப்பான் பழுதாகிவிட்டது. நாளை வரை மட்டுமே தாங்கும்; மாற்றுப் பாகம் இருபதாம் தேதிக் குழுவுடன்தான் வரும். என்னைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றிச் செல்லும் ஏறுகலம் 16:00 மணிக்குப் புறப்படும். அது நிற்கும் இடத்துக்கு வெளியே நடந்தே செல்ல வேண்டும். வரும்போது சுற்றுப்பாதையில் மனிதர்கள் என் உடையைப் பூட்டினர். இங்கு அவ்வாறு செய்ய ஒருவரும் இல்லை.

ஜெனிட்டா: “கேமராவுல முன்பக்கந்தான் சார் தெரியுது. பின்னாடி ஒண்ணும் தெரியல. மூணு தடவ பூட்டச் சொல்லுங்க. ஒரு தடவயாவது விழும்.”

15:31
மூன்று முறை பூட்டச் சொன்னேன். மூன்று முறையும் ஒரே பதில். அதன் விரல்கள் என் பிடரியில் இருந்தனவா என்பதை நான் உணரவில்லை. பேச்சிமுத்துவின் உடையை விட என் உடை தடிமனானது.

15:48
காற்றறைக்குள். உள்கதவு மூடப்பட்டது, அழுத்தம் முழுதாகத் திரும்பினாலன்றித் திறக்காது, அதற்கு நான்கு நிமிடம் ஆகும். இங்கு தரைத் தொடர்பு இல்லை. என் குரல் நிலையத்தின் பதிவேட்டில் மட்டும் சேர்கிறது. அறைக் காற்று வெளியேறத் தொடங்கியுள்ளது.

15:50
பிடரியில் குளிர்ச்சி. வியர்வையாக இருக்கக்கூடும். முடிவு கூற இயலாது.

15:51
வியர்வை அன்று. ஜெனிட்டாவை நான் தடுத்திருக்கக் கூடாது. இருபதாம் தேதி இறங்கும் எவரும் அதன் கையால் உடை பூட்ட